வெத்தலைக் கொடிக்கு ஏசி தண்ணி

திருப்பூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

கால் வீக்கம் வத்திருச்சா? அய்யா மாத்திரையை நேரத்துக்குப் போடுறாரா? போன்ல உனக்குச் சரியா கேக்கலைங்கிறதால எழுதுறேன். தம்பியை வாசிக்கச் சொல்லு. நான் நல்லா இருக்கேன்.

நீ ஈரத்துணியில சுத்திக் கொடுத்த வெத்தலைக் கொடியை ரூம் ஜன்னல்கிட்ட வச்சிருந்தேன். இங்க குழாயில வர்றது போர் தண்ணி, ஒரே உப்பு. மண்ணு மேல வெள்ளையா படிஞ்சு, இலை ஓரமெல்லாம் கருகிப்போச்சு. தகரக் கூரை சூடு வேற. செத்துப்போயிருமோன்னு பயந்து, குடிக்க வாங்குற கேன் தண்ணியில என் பங்கை அதுக்கு ஊத்திக்கிட்டு இருந்தேன்.

போன வாரம் கம்பெனியில லேசா மயக்கம் வந்து மெஷின் மேலேயே சாஞ்சுட்டேன். பயப்படாதே, ஒண்ணுமில்லை. என்கூடத் தங்கியிருக்கிற ஒடிசாப் பொண்ணு சபிதாதான் தாங்கிப் பிடிச்சா. விஷயம் தெரிஞ்சதும், “செடிக்குத் தண்ணி, உனக்கு இல்லையா? நீ பைத்தியமா?”ன்னு தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல திட்டினா.

மறுநாள் ஆபீஸ் ஏசியில சொட்டுற தண்ணியை பாட்டில்ல பிடிச்சுக் கொண்டுவந்தா. அதுல உப்பே இல்லை. தொட்டியை வெயில் நேரா படாத மூலைக்கு மாத்தி, அதையே ஊத்துறோம். இன்னைக்குக் காலையில புதுத் துளிர் விட்டிருக்கு. என்னைவிட சபிதாதான் சத்தமா கத்தினா. நானும் இப்போ ஒழுங்கா தண்ணி குடிக்கிறேன். அவ பக்கத்துலயே நின்னு பாக்குறா.

ஜன்னல்ல வெயிலை மறைக்க உன் நூல் சேலை ஒண்ணு வேணும். புதுசு வேண்டாம், நீ கட்டுறதுல ஒண்ணை, ஊருக்கு வந்துட்டு இங்க திரும்புற முனீஸ் அண்ணன்கிட்ட கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம்மா, அப்படியே கொடு.

கம்பெனி வண்டி வந்துருச்சு.

உன் மாரிச்செல்வி