ஆன்டெனா மேல் போட்ட பழி

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவைப் பற்றி மட்டும் அப்படி எழுதக் கை வரவில்லை. ஃபோனில் சொன்னால் பக்கத்திலிருந்து கேட்டுவிடுவார் என்றுதான் கடிதம்.

இரண்டு மாதமாக வீட்டில் ஒரே ஆன்டெனா கூத்து. டிவி படம் மங்கலாகத் தெரிகிறது, மங்கலாகத் தெரிகிறது என்று புலம்பல். முதலில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுகிற தட்டை ஆன்டெனா, அது சரியில்லை. பிறகு அதற்கொரு பூஸ்டர் வைத்தார், டவர் நம் தெருமுனையில் நின்றாலே தெரிகிற தூரம், சிக்னல் அளவுக்கு மீறிப் போய்ப் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. அதையும் கழற்றி எறிந்துவிட்டு, மீன்முள் மாதிரி இருக்கிற பெரியதை மாடியில் கம்பம் நட்டுக் கட்டினார். இந்த வயதில் ஏணி ஏறி அதை டவர் பக்கம் இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டு, இப்ப தெளிவா இருக்கா என்று மேலிருந்து கத்துவார், பளிச்சுனு இருக்குங்க என்று நான் கீழிருந்து கத்துவேன், இறங்கி வந்து பார்த்துவிட்டு உனக்கு என்னடி தெரியும் என்பார். எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன், அறிவு கெட்டவள்.

போன வாரம் ஆன்டெனா விற்ற கடைக்காரரையே வரவழைத்தார். அவர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, சிக்னல் நல்லா இருக்கு சார், டிஜிட்டல்ல படம் மங்காது, வந்தா முழுசா வரும், இல்லன்னா உடையும், நின்னு போயிடும், நடுவுல மங்கல்னு ஒண்ணு கிடையாது என்று சொன்னார். அப்பா அவரைத் திட்டி அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் என் கண்ணாடியைக் காணோம் என்று பொய் சொல்லி, திரையில் கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்கச் சொன்னேன். காலையில் ரேடியோவில் கேட்ட செய்தியை அப்படியே ஒப்பித்தார். உன் பெரியத்தைக்கும் இந்த வயதில்தான் கண் மங்க ஆரம்பித்தது, மறைத்து மறைத்து வைத்துக் கடைசியில் டாக்டர் கையை விரித்துவிட்டார், உனக்கே தெரியும்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் மனுஷர் தினமும் ஸ்கூல் வேனில் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். டாக்டரிடம் போகலாம் என்றேன், லைசன்ஸைப் பிடுங்கிடுவானுங்க, வாயைத் திறந்து பாரு என்று எரிந்து விழுந்தார். மறுநாள் வேன் கிளம்பியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, பள்ளிக்கூட ஆபீசுக்கு நடந்தே போய்ச் சொல்லிவிட்டேன். அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள். முப்பது வருஷ வேலை. எவனோ போட்டுக் கொடுத்துட்டான், அவன் கண்ணு அவிஞ்சு போகணும் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சபிக்கிறார், நான் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறுகிறேன். செய்தது தப்பில்லை, ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ சொன்னால் கேட்பார், கூப்பிட்டுப் பேசி ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிடு. சொன்னவள் நான்தான் என்பதை நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன், அதற்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும்.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே, நீ பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அப்பன் கண்ணு அப்படியே இருக்கு என்றுதான் சொன்னார்கள், அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை. லீவு போட்டுவிட்டுப் போய் உன் கண்ணையும் காட்டிவிடு.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா