பொடியும் கேட்கலை, நீங்களும் கேட்கலை

மாதுங்கா, பம்பாய்
8-8-49

சிரஞ்சீவி கிட்டுவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சௌக்கியம்னு எழுதித்தான் வழக்கம், ஆனா இத்தனை மாசமா நான் சௌக்கியமா இல்லை, இப்போதான் கொஞ்சம் தேவலை, அதை முதல்லேயே எழுதிடறேன். நீயும் உன் ஆத்துக்காரி அம்மிணியும் டெல்லியில் சுகமா இருக்கேளோன்னோ. இங்கே மழை விட்டபாடில்லை, கொடியில் போட்ட துணி போட்டபடி கிடக்கு.

நீ அப்பாவுக்கு எழுதின கடுதாசியைப் படிச்சேன். அம்மாவுக்கு மனசுதான் சரியில்லை, டாக்டர் சொல்றபடி பாலக்காட்டுக்கு மாமாவாத்துக்கு அனுப்பிடுங்கோன்னு எழுதியிருக்கே. ஏன்டா, நெஞ்சு எரியறது எனக்கா உனக்கா? உங்கப்பாவுக்கும் எனக்கும் ஒரே ஆத்துச் சமையல், ஒரே டாக்டர், ஒரே டப்பாவிலேர்ந்து ஒரே வெள்ளைப் பொடி. அவர் ஒரு ஸ்பூன் கரைச்சுக் குடிப்பார், பெரிசா ஏப்பம் விடுவார், ஆபீஸுக்குக் கிளம்பிடுவார். நானும் அதையேதான் குடிப்பேன், குனிஞ்சு அடுப்பை ஊதறதுக்குள்ளே தொண்டை வரைக்கும் நெருப்பா எரியும், புளிச்ச தண்ணி வாய்க்கு வந்துடும். சொன்னா, எனக்குப் பொடி கேட்கிறதே, உனக்கு மட்டும் எப்படிக் கேட்காதுன்னார். அந்த டாக்டரோ என் முகத்தைக்கூடப் பார்க்கலை, அப்பாவைப் பார்த்தே பேசினார், பிள்ளை தூரத்தில் இருக்கான், பேச்சுத்துணைக்கு ஆளில்லை, பொம்மனாட்டிகளுக்கு இப்படி வரும்னு தூங்கறதுக்கு மருந்து கொடுத்தார். எரியுமேன்னு பயந்து ராத்திரி சாப்பாட்டை விட்டேன், ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுத்து, அதுக்கும் பிடிவாதம்னு பேர் கிடைச்சது.

போன வாரம் என்னை ஒரு வார்த்தை கேட்காம ரயில் டிக்கெட் வாங்கிண்டு வந்துட்டார். அவர் ஆபீஸ் போனதும் மாடியாத்து ருக்குவைக் கூட்டிண்டு ட்ராம் ஏறி தாதரில் ஒரு மராட்டி லேடி டாக்டர்கிட்டே போனேன். தெரிஞ்ச ஹிந்தியில் நான் சொன்னேன், மிச்சத்தை ருக்கு மராட்டியில் சொன்னா. எப்போ எரியறது, குனிஞ்சாலா, படுத்தாலா, நிமிர்ந்து உட்கார்ந்தா குறையறதான்னு அந்தம்மா கேட்டா. இதுவரைக்கும் ஒருத்தரும் என்னை இதைக் கேட்டதில்லை, எனக்கு அங்கேயே அழுகை வந்துடுத்து. சுண்ணாம்புக் கரைசல் மாதிரி எதையோ குடிக்க வச்சு, தலையைத் தாழ்த்திப் படுக்கவச்சு எக்ஸ்ரே எடுத்தா. இரைப்பைக்கு மேலே கதவு மாதிரி ஒண்ணு இருக்காம், சாப்பிட்டது இறங்கினதும் மூடிக்கணுமாம். எனக்கு அது தளர்ந்து, இரைப்பையே கொஞ்சம் மேலே ஏறியிருக்காம். அவருக்கு மட்டும் பொடி கேட்கிறதேன்னேன். உன் ஆத்துக்காரருக்குப் புளிப்பு அதிகமாச் சுரக்கிறதா இருக்கும், பொடி அதை அடக்கிடும், உனக்குக் கதவே மூடலை, எத்தனை பொடி போட்டாலும் குனிஞ்சா மேலேதான் வரும், எரிச்சல் ஒண்ணுதான், காரணம் வேறேன்னா. கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடு, சாப்பிட்ட உடனே படுக்காதே, கட்டில் தலைமாட்டை உசத்திக்கோ, குனிஞ்சு தரை துடைக்காதே, தண்ணிக் குடம் தூக்காதேன்னா.

படத்தை உங்கப்பாவிடம் காட்டினேன். மறுநாள் டிக்கெட்டைத் திருப்பிட்டு, எங்கேயோ செங்கல் தேடிக் கொண்டுவந்து கட்டில் தலைமாட்டுக்கு அண்டை கொடுத்து உசத்தினார், இப்போ தண்ணியும் அவரே பிடிக்கிறார். இந்த வாரம் நன்னாத் தூங்கறேன். ஆனா கோபம் மட்டும் தணியலை கிட்டு. நான் வாயால் சொன்னப்போ நம்பாதவர் படத்தைப் பார்த்ததும் நம்பறார். அந்தப் படத்தில் இருக்கறதும் நான்தானே.

அம்மிணிக்கு அடிக்கடி தலைவலின்னு அவள் எழுதியிருந்தாள். உனக்குக் கேட்ட மாத்திரையைக் கொடுத்துட்டுப் பேசாம இருந்துடாதே. எங்கே வலிக்கிறது, எப்போ வலிக்கிறதுன்னு பக்கத்தில் உட்கார்ந்து கேளு, அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நடுவில் பேசாதே. ரெண்டு பேரும் தீர்க்காயுசா, ஒத்துமையா இருக்கணும். பதில் எழுதறச்சே இந்தத் தடவை மேல்விலாசத்தில் என் பேரைப் போடு.

உன் அம்மா,
விசாலம்