எனக்கு மட்டும் எரிகிற விளக்கு

மார்ச் 2, ஞாயிறு

தலைவலி. பாதி வெயிலால், பாதி இவரால்.

இன்று ட்ராக் டே. பந்தயமும் கிடையாது, பரிசும் கிடையாது; அவரவர் சொந்தக் காரை ஓடுதளத்தில் ஆசை தீர ஓட்டிப் பார்க்கிற நாள். காலையில் என் வீட்டுக்காரர் ஓட்டினார், மத்தியானத்துக்கு மேல் நான். அங்கே ஒரு நீண்ட வலது வளைவு, முடியப்போகிற மாதிரியே போக்குக் காட்டி முடியாமல் நீளும். அதன் நடுவில், எஞ்சினுக்கு ஆயில் சரியாகப் போகவில்லை என்று காட்டுகிற ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. நேர்ப்பாதைக்கு வந்ததும் அணைந்தது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில். பயந்துபோய் ஓடுதளத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

"எனக்கு எரியலையே. நீ ஓட்டினா மட்டும் எப்படி எரியும்? காரை என்ன பண்ணித் தொலைச்ச?" என்றார். நாலு பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை.

என்ன பண்ணித் தொலைச்சேனாம்! கல்யாணத்துக்கு முன்னால் என் சம்பளத்தில் நான் வாங்கின கார். இவர் ஓட்டிவிட்டு இறங்கினால் சீட்டைப் பின்னால் தள்ளினபடியே விட்டுவிட்டுப் போவார், ஒவ்வொரு தடவையும் நான்தான் முன்னால் இழுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்கிறேன். காதில் விழுந்தால்தானே.

மார்ச் 3

இன்னும் ஆறவில்லை.

மார்ச் 8

மெக்கானிக்கிடம் போனோம். ஆயில் அளவு சரி, விளக்குக்குப் போகிற ஒயரும் சரி. அப்புறம் அந்த மனிதர் என்னைத் தாண்டி இவரைப் பார்த்து, "மேடத்தைக் கொஞ்சம் பாத்து ஓட்டச் சொல்லுங்க சார். இந்த மாடலுக்கு எஞ்சின் போச்சுன்னா இப்ப எங்க தேடினாலும் கிடைக்காது" என்கிறார். குத்துக்கல் மாதிரி பக்கத்தில் நிற்கிறேன், எனக்குத் தூது!

வரும் வழியில் இவர் தீர்ப்பே எழுதிவிட்டார். "இனிமே ட்ராக்ல நான் மட்டும் ஓட்டறேன்." என் காரை நான் ஓட்டக் கூடாது. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று கெஞ்சி — ஆமாம், கெஞ்சித்தான் — சம்மதிக்க வைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் போனில். "என்ன அண்ணி, நீங்க தொட்டாலே காருக்கு ஆகறதில்லையாமே?" கூடவே ஒரு சிரிப்பு. செய்தி அங்கே வரைக்கும் போயாச்சு.

மார்ச் 16

எரியவில்லை! அதே வளைவு, பல சுற்று, ஒரு தடவைகூட எரியவில்லை. "பாத்தியா, ஒழுங்கா ஓட்டினா ஒண்ணும் ஆகாது" என்றார். எப்போதும் போலத்தான் ஓட்டினேன். போகட்டும், சந்தோஷம்தான்.

மார்ச் 17

காலையில் வேலைக்குக் கிளம்பச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் எல்லா விளக்கும் எரிய வேண்டும். பாட்டரி எரிந்தது, கைப்பிரேக் எரிந்தது. ஆயில் விளக்கு இருக்கிற இடம் மட்டும் இருட்டு.

பல்பைக் கழற்றியிருக்கிறார்.

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன். "நீ பதறக் கூடாதேன்னுதான்..." என்கிறார், வாயெல்லாம் நுரை. பதறக் கூடாதாம்! அப்படியென்றால் நேற்று ஒவ்வொரு சுற்றிலும் அது எரிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் தெரியவில்லை, நானும் பல்லைக் காட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். இந்த மனுஷனை என்ன பண்றது? சொல்லுங்க, என்ன பண்றது?

பல்ப் இவர் சட்டைப் பையில் சில்லறையோடு கிடந்தது. எடுத்து நானே மாட்டினேன். இன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு கிடையாது என்று கத்திவிட்டுக் கிளம்பினேன். எங்கள் வீட்டில் சமைக்கிறவர் அவர் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

மார்ச் 20

துணி அலசின டப்பில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம். அதைத் தூக்கிக்கொண்டு வெடுக்கென்று திரும்பினேன். தண்ணீர் முழுக்க ஒரு ஓரமாக ஏறிக்கொண்டது, மறு ஓரத்தில் டப்பின் அடி தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியும் இதே மாதிரி தட்டைதானே. நீண்ட வளைவில் ஆயில் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டால், உறிஞ்சுகிற குழாய்க்கு வெறும் காற்றுதான் கிடைக்கும். ஆயில் குறையவில்லை, இடம் மாறுகிறது. அந்த நேரம் உள்ளே இரும்போடு இரும்பு வறட்டு வறட்டென்று உரசும்.

இவரைக் கூப்பிட்டுச் செய்தே காட்டினேன். கூடமெல்லாம் தண்ணீர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, நான் ஓட்டறப்ப ஏன் ஒதுங்கல? எனக்கும் அதே வளைவுதானே?" என்றார்.

"வளைவு அதேதான். வேகம்?"

துணியை எடுத்துக்கொண்டு தரையைத் துடைக்கப் போய்விட்டார்.

ஏப்ரல் 6

ஆயில் அழுத்தத்தைக் காட்டுகிற முள் மீட்டர் ஒன்று மாட்டச் சொல்லியிருந்தேன். அதற்கும் மெக்கானிக் இவர் முகத்தைப் பார்த்தார். "கார் என்னது. என்னைப் பாத்துப் பேசுங்க" என்றேன். மாட்டிக் கொடுத்தார்.

இன்று ட்ராக்கில் முதலில் இவர் ஓட்டினார், நான் பக்கத்தில். முள் அசையவில்லை. அப்புறம் நான். வளைவின் நடுவில் முள் பொத்தென்று விழுந்தது, விளக்கும் எரிந்தது. "விடு விடு விடு, காலை எடு!" இவர் கதவுப் பிடியில் தொங்காத குறை. காலை எடுத்தேன், முள் ஏறியது.

"இரு, நான் தனியா ஒரு தடவை போயிட்டு வரேன்" என்று போனார். எதற்கென்று தெரியாதா எனக்கு? திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"என்ன ஆச்சு?"

"விழல."

"விழ வைக்கப் பாத்தீங்களா?"

"ம்."

போன மாதம் வரை எரியாதது அவருக்குப் பெருமை. இன்றைக்கு முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். கோபம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

ஏப்ரல் 12

மெக்கானிக் பட்டறையில் ஆயில் தொட்டியைக் கழற்றினார்கள். எஞ்சினுக்குள் சுழல்கிற தண்டைத் தாங்கும் பேரிங் ஒன்றில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிகிறது. "இன்னொரு நாள் இப்படியே ஓடியிருந்தா எஞ்சின் இறுகிப் பிடிச்சு நின்னிருக்கும் மேடம்." இந்தத் தடவை என்னிடமே சொன்னார்.

பல்பில்லாமல் ஓட்டின அந்த ஞாயிற்றுக்கிழமை! எஞ்சின் போயிருந்தால் பழி யார் தலையில்? என் தலையில்தான். அவ ஓட்டித்தான் போச்சு என்று நாத்தனார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பாள். பட்டறை நடுவிலேயே கத்திவிட்டேன். எரியற விளக்கை அணைச்சுட்டா நோய் போயிடுமா? எனக்கு ஓட்டவே தெரியாத மாதிரி ஊரெல்லாம் பேச வச்சீங்களே! மெக்கானிக் ஏதோ ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி உள்ளே நழுவினார்.

இவர் அந்தப் பேரிங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்புதான்" என்றார். அது போதுமா? போதாது.

பேரிங்கை மாற்றி, தொட்டிக்குள் ஆயில் ஓரத்துக்கு ஓடாதபடி தடுப்புத் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லியாச்சு.

ஏப்ரல் 27, ஞாயிறு

"நீ முதல்ல போ" என்று சாவியைக் கொடுத்தார். சீட் என்னவோ பின்னால்தான் இருந்தது. இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன், எல்லா விளக்கும் எரிந்தது, ஆயில் விளக்கும்தான்.

வளைவு வந்தது. முள் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த சுற்றும் அப்படியே. அதற்கடுத்த சுற்றில் நான் முள்ளைப் பார்க்கவே இல்லை.

வெளியே வந்து நிறுத்தினேன். எரிஞ்சுதா என்று கேட்பார், என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். இவர் ஜன்னலில் குனிந்தார். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அந்த வளைவுக்கு நீ எங்க பிரேக் அடிக்கற?"

"அங்க நான் பிரேக்கே அடிக்கறதில்லையே."

வீடு வரைக்கும் நானே ஓட்டினேன்.