உன் பெட்டியின் பின்னால் என் கை

மச்சான்,

சூடேறிய தூசியின் மணம் என் சட்டையை விட்டு இன்னும் போகவில்லை. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சனம் சாப்பிட்டுப் போய்விட்டது. உன் வீட்டு விறாந்தையில், உன் கணினிக்குப் பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

உன் செத்தவீட்டன்று நேரலைக்கு ஒரு இரவல் மடிக்கணினியைத்தான் வைத்தோம். சுன்னாகத்தில் நாம் நடத்திய நேரலைக் கடையில் நீ இருந்த மேசையிலிருந்து உன்னுடையதைத் தூக்கிவர எனக்கு மனம் வரவில்லை. தகரப் பந்தலின் வெக்கையில், உன்னைத் தூக்குகிற நேரம் பார்த்து அந்த இரவல் சாமான் நின்றுபோனது. வீசா அலுவல் முடியாமல் பிரான்சில் மாட்டிக்கொண்ட உன் மகன், கறுத்த திரையைப் பார்த்து அழுதானாம். இன்று காலை உன் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணை, பிள்ளை இண்டைக்காவது முழுக்கப் பாக்கோணும்.”

“ஓம் தங்கச்சி” என்றேன். சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

உன் கணினியைக் கொண்டுவந்து இயக்கினேன். கொஞ்ச நேரத்தில் கொதித்து நின்றது. பக்க மூடியைக் கழற்றினால், நான்கு விசிறிகளிலும் செம்மண் தூசி அப்பிக் கிடந்தது. கழற்றித் துடைத்து அவசர அவசரமாகத் திரும்பப் பூட்டினேன். இப்போது முன்னையைவிட வேகமாகச் சூடேறியது. குருக்கள் வேறு வந்து இருந்துவிட்டார்.

கடை தொடங்கிய புதிதில் இந்த விசிறிகளுக்காக நாம் பிடித்த சண்டை நினைவிருக்கிறதா? உள்ளே எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவுக்கு நல்லது, நான்கையும் உள்ளே ஊதுகிற மாதிரிப் பூட்டு என்று நான் அடம்பிடித்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

“எல்லாரும் உள்ளுக்கை வந்தா ஆரடா வெளியிலை போறது?”

முன்னால் இரண்டும் காற்றை இழுக்க, பின்னால் ஒன்றும் மேலே ஒன்றும் சூட்டை வெளியே தள்ளும்படி பூட்டினாய். கொசு விரட்டும் நுளம்புத்திரியைக் கொளுத்தி, புகை போகும் வழியைக் காட்டினாய். நான் அப்போதும் நம்பவில்லை. என் கையை இழுத்துக் கணினிப் பெட்டியின் பின்னால் வைத்தாய்.

“சூடு படுதோ? பட்டா பயமில்லை. படாட்டித்தான் பயப்பிடோணும்.”

பயந்த சுபாவக்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? அன்றிலிருந்து எந்த நேரலையிலும் என் கை அங்கேயே கிடந்தது. தாலி கட்டுகிற நேரத்திலும் இவன் பெட்டியைத்தான் தடவுவான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாய்.

இன்று நுளம்புத்திரி தேட நேரமில்லை. உன் படத்துக்கு முன்னால் எரிந்த ஊதுபத்திகளில் ஒன்றை உருவினேன்.

“என்ன அண்ணை செய்யிறியள்?” உன் மனைவி திகைத்துப் போனாள்.

பெட்டியின் முன்னால் பிடித்தேன். புகை உள்ளே போனது. பின்னால் பிடித்தேன், அதுவும் உள்ளேயே போனது. பதற்றத்தில் பின்விசிறியை மறுபுறம் திருப்பிப் பூட்டியிருக்கிறேன். நீ இருந்திருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

“தொடங்குவமே?” என்றார் குருக்கள்.

“ஐயா, கொஞ்சம் பொறுங்கோ!” திருகாணி கையிலிருந்து நழுவி விழுந்தது. தேடி எடுத்து, விசிறியைச் சரியான பக்கம் திருப்பிப் பூட்டினேன். கணினியை இயக்கிவிட்டுப் பின்னால் கையை வைத்தேன். சூடு பட்டது.

திரையில் உன் மகன் வந்தான். மெலிந்திருந்தான். “மாமா, வடிவாத் தெரியுது. அப்பான்ரை படமும் தெரியுது” என்றான்.

அவனுக்குப் பதிலாக உன் தம்பி கிருத்தியம் செய்தான். நான் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. கையில் படுகிற சூடு குறைகிறதா, குறைகிறதா என்பதே என் நினைப்பாக இருந்தது. கடைசியில் தீபம் காட்டியபோது எல்லோரும் எழுந்து உன்னைக் கும்பிட்டார்கள். உன் மகனும் அங்கிருந்து கைகூப்பினான். அழுதான், ஆனால் முழுக்கப் பார்த்துவிட்டான். நான் மட்டும் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்கிற நேரம் பார்த்து நின்றுவிட்டால் என்ன செய்வது?

கோபிக்காதே மச்சான். உன்னை ஒற்றைக் கையால்தான் கும்பிட்டேன்.