சொல்ல ஒன்றும் இல்லாத நாளின் பாவம்

அன்புள்ள அம்மா,

நேற்று சாயங்காலம் ஸ்ட்ராபெரி வாசம் அடிக்கிற ஒரு ரப்பரால் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் பாதியில் நின்றுபோனது. பென்சில் அழிக்கிற சின்ன ரப்பர்தான். உங்கள் பேத்தி அதை உள்ளங்கையில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இன்னைக்கு இத எங்க கிளாஸ் புள்ளகிட்ட இருந்து திருடிப்போட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன சனிக்கிழமை யூனிபார்ம் எடுக்கக் காந்திபுரம் போனபோது அந்த ரப்பரை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

"ஏங்கண்ணு, எதுக்கு இப்படிப் பொய் சொல்ற?" என்று கேட்டேன். ஒன்பது வயதுதான் ஆகிறது. ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "இன்னைக்கு நான் ஒரு தப்பும் பண்ணலீம்மா. ஒண்ணுமில்லீன்னு சொன்னா அவருக்குக் கோவம் வந்துருமில்லம்மா?"

அந்த வார்த்தையை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

துடியலூரில் நாம் இருந்த ஒற்றை அறை வீட்டில், மில்லில் இருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டுப் பாய் விரிப்பீர்கள். தம்பியும் நானும் எதிரே உட்கார வேண்டும். ஒரு பாட்டு, ஒரு வசனம், அதன் பிறகு அன்றைய தப்புகள். ஆளுக்கு ஒன்றாவது சொன்னால்தான் சாப்பாடு. தம்பி கெட்டிக்காரன். தப்பு கிடைக்காத நாளில் பக்கத்து வீட்டு ஆட்டைத் திட்டிவிட்டதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வான். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. ஒருநாள் வேறு வழியில்லாமல் பழைய பாவத்தையே திரும்பச் சொன்னேன். "அது செவ்வாக்கெழமையே சொல்லிப்போட்டியே கண்ணு, வேற சொல்லு" என்றீர்கள். வேறு ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லீங்கறது பெருமை அம்மணி. பெருமையக் கண்டா அவருக்கு ஆவாது" என்றீர்கள்.

எவ்வளவு மெதுவாகச் சொன்னீர்கள்! டவுன் பஸ் கண்டக்டரிடம் "ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்க" என்று கேட்கிற அதே குரல். எங்களை நீங்கள் ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. அடிக்கிற வேலையைக் கர்த்தரிடம் விட்டுவிட்டீர்கள். கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், "எதைய மறச்ச கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே மஞ்சள் வைப்பீர்கள்.

நம் வீட்டு நாட்காட்டியில் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்துவரும் மேய்ப்பர் படம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குட்டி ஏதோ தப்புச் செய்து கையும் களவுமாகப் பிடிபட்டு வருகிறது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கோயிலில் ஆயர் "பரம பிதாவே" என்று ஜெபத்தைத் தொடங்கினால், உங்கள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்ட ஒருவர்தான் எனக்குள் வந்து உட்காருவார். அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். நாமாக ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருப்பார்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒருமுறை உங்கள் மேஸ்திரியைப் பற்றிச் சொன்னீர்கள். "நூலு அறுந்துபோச்சுன்னா ஒண்ணும் பேச மாட்டாரு. பொறகால வந்து நின்னுக்குவாரு. அதுதான் கண்ணு பயம்." அப்பா போன பிறகு எத்தனை வருடம் அந்த மில்லில், அப்படி ஒருவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேலை பார்த்தீர்கள்! உங்களுக்கு வேறு மாதிரிக் கடவுள் எங்கிருந்து கிடைப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள்மேல் கோபம்தான் இருந்தது.

அந்தக் கோபத்தில்தான், மகள் பிறந்ததும் இந்தப் பாவ அறிக்கையெல்லாம் நம் வீட்டில் வேண்டாம் என்று நிறுத்தினேன். மூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். வெறும் சளிக் காய்ச்சல் என்றார் டாக்டர். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்துவிட்டேன். அன்றிலிருந்து ஒருநாள்கூட விட முடியவில்லை. "புடிக்கலைன்னா உட்ற வேண்டியதுதானே" என்கிறார் உங்கள் மருமகன். அவருக்கு அது சுலபம். ஞாயிறு பள்ளியில் ஆண்டவர் அன்பானவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். திரும்பி வருகிற வழியில், கேஸை மூடினேனா என்று பதறுவதுபோல, எதையாவது சொல்லாமல் விட்டேனா என்று பதறுகிறேன். இதைவிட்டு வெளியே போகவும் பயம், உள்ளே இருக்கவும் பயம்.

இதையெல்லாம் உங்கள் தலையில் போட்டுவிட்டு எழுந்துபோய்விடலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் நடந்தது என்னால் நடந்தது.

ஆறு வருடம் ஆகிறது. மத்தியான நேரம். நர்ஸ் உங்கள் டிரிப்ஸை மாற்றிவிட்டுப் போனாள். நீங்கள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மணி, அவரு என்னய ஏத்துக்குவாராக் கண்ணு?" என்று கேட்டீர்கள். கடவுளைப் பற்றி அதுவரை நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. சொல்லித்தான் உங்களுக்குப் பழக்கம். பாயில் உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தபோது எங்களுக்கு இருந்த அதே பயத்தை அன்று உங்கள் கண்ணில் பார்த்தேன்.

ஏத்துக்குவாரும்மா. இந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த, நம் கோயில் வாசலையே மிதித்திராத அந்த அக்காவைக் கேட்டிருந்தால்கூட யோசிக்காமல் சொல்லியிருப்பார். நான் என்ன சொன்னேன்? "சொல்லாம விட்டது ஏதாச்சும் இருக்குதாம்மா? யோசிச்சுப் பாருங்க."

நீங்களும் கீழ்ப்படிந்து யோசித்தீர்கள். "கெணத்துக்கடவுல இருக்கறப்போ, உன்ற தம்பி வயித்துல. ஒரே பசி. தோப்புல உழுந்து கெடந்த தேங்கா ஒண்ண எடுத்து ஒடச்சுத் தின்னுபோட்டேன். யாரையும் கேக்கல. அதைய ஆண்டவருகிட்டச் சொல்லிப்போட்டேனா கண்ணு?" எனக்கு எப்படித் தெரியும்? "இப்பச் சொல்லீருங்கம்மா" என்றேன். சொன்னீர்கள். அதற்குப் பிறகும் உங்கள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை நான் காபி வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில் போய்விட்டீர்கள். சமாதானமாகப் போனார் என்று அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

நேற்று உங்கள் பேத்தி அதையேதான் கேட்டாள். "அப்ப ஒண்ணுமே சொல்லாட்டியும் என்னைய அவருக்குப் புடிக்குமாம்மா?"

இந்தத் தடவை விடக் கூடாது என்று அவசரமாக, "புடிக்கும் கண்ணு" என்றேன்.

"நெசமாலுமா?"

"நெசமாலுந்தான்."

அவ்வளவுதான். நம்பிவிட்டாள். எழுந்து போய் மூன்று தோசை சாப்பிட்டாள். இவ்வளவு லேசான காரியமா இது என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பாத்திரம் கழுவும்போது உங்களிடமும் சொன்னேன். "ஏத்துக்குவாரும்மா. அந்தத் தேங்காயோட சேத்தியே ஏத்துக்குவாரு." வாய்விட்டுத்தான் சொன்னேன். ஆறு வருடமாகச் சொல்லாமல் கிடந்தது வெளியே வந்ததும் அழுகை வந்துவிட்டது. அது அடங்குவதற்குள்ளேயே, ஈரக் கையைப் புடவையில் துடைத்து, கண்ணை மூடி, "ஆண்டவரே, நான் அதிகப்படியாச் சொல்லீருந்தா மன்னிச்சுக்கங்க" என்று கேட்டும் விட்டேன்.

உங்களிடமிருந்து வந்த இது மட்டும் என்னைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது அம்மா. பிள்ளை காதில் விழாமல் இருக்க, குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்டேன்.