விரல்கள் மூன்று

மொட்டை மாடியில் என்னோடு உட்கார்ந்து கோழி வேகவைத்த என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். பெஹாலா வீட்டில் மாலை முழுக்க வங்காளி சீரியல் பார்க்கிறாள். அதில் வரும் மாமியார்களைத் தமிழில் திட்டுகிறாள். உங்கள் குடையை யாருக்கும் தரமாட்டேன் என்கிறாள். போன வாரம் நனைந்துகொண்டு கிளம்பிய எனக்கும் தரவில்லை.

உங்களிடம் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் திரும்பப் பெற வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். பதினைந்து வருடமாக நிலுவையில் இருக்கிறது. மேஜையில் ஒரு ஃபைலைக்கூடத் தங்கவிடாத மனிதருக்கு இப்படி ஒரு பெண் பிறந்தது பரிணாமத்தின் விந்தைதான்.

அப்போது கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு எட்டாம் வகுப்பு. மனிதக் கை, வௌவால் சிறகு, திமிங்கிலத் துடுப்பு, பறவை இறக்கை எல்லாமே ஒரே அமைப்பிலிருந்து மாறி வந்தவை என்று பாடம். அதைப் படித்தால் போதாது, கண்காட்சியில் செய்து காட்ட வேண்டும் என்றார் உயிரியல் மிஸ். சீட்டுக் குலுக்கினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் படம் வரைகிற வேலை. எனக்கு வந்தது கோழி இறக்கை, நிஜ எலும்போடு.

"இதுல என்ன கஷ்டம்?" என்றாள் பக்கத்து பெஞ்சு சுமிதா. "ஞாயித்துக்கிழமை குழம்புல கிடக்கிறதை எடுத்துக் கழுவி வச்சுக்கோ."

நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கிடந்தது முருங்கைக்காய். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு ஊதுபத்தி ஏற்றுவாள். கல்கத்தாவில் அப்படி வாழ்வதென்றால் ஜன்னலைத் திறக்கவே முடியாது. நாம் அப்படித்தான் வாழ்ந்தோம்.

நீங்கள் என் பாடப் புத்தகத்தை வாங்கி இரண்டு தரம் படித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"புரியுது. கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே இருக்கும். ஆனா மாறுறது யார் கண்ணுக்கும் தெரியாது. எங்க ஆபீஸ் ப்ரமோஷன் மாதிரி."

"அப்பா, எலும்புக்கு என்ன பண்றது?"

"மிஸ் கேட்டிருக்காங்க. கொடுத்துதான் ஆகணும்." உங்களைப் பொறுத்தவரை அது மேலிடத்து உத்தரவு.

ஞாயிறு காலைகளில் அம்மாவை லேக் கார்டன்ஸ் பஜனைக்குக் கூட்டிப் போவது உங்கள் வேலை. அந்த ஞாயிறு வயிறு சரியில்லை என்று அவளைத் தனியே அனுப்பினீர்கள். நான் கேட்ட உங்கள் முதல் பொய் அது. மத்தியானத்துக்குள் அது உண்மையும் ஆகிவிட்டது.

கோழிக்கடையில் நீங்கள் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள், குடையை விரித்தபடி. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. "ஒரே ஒரு இறக்கை" என்று தெருவைப் பார்த்து வங்காளியில் சொன்னீர்கள். கடைக்கார பிஷு-தா என்னைப் பார்த்தார், உங்கள் நெற்றி விபூதியைப் பார்த்தார்.

"பாபு, முதல் தடவையா?"

"ஆமாம். குழந்தைக்காக."

"அப்போ இறக்கை எதுக்கு, அதுல என்ன இருக்கு? நல்ல பீஸா தர்றேன், கவலைப்படாதீங்க."

நல்ல பீஸ் என்றால் நல்ல இறக்கை என்று நாம் இருவரும் நினைத்துக்கொண்டோம். வேறென்ன நினைக்க முடியும்?

மாடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ். பழைய பெயிண்ட் டப்பா. விபூதி தடவிய கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நீங்கள் கரண்டிக் காம்பால் கிளறினீர்கள். சுற்றுச்சுவர் முழுக்கக் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. பழைய டூத் பிரஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்தோம். நடுவில் இரண்டு தரம் கீழே போய்க் குளித்துவிட்டு வந்தீர்கள். மூன்றாவது தரம் குளியலறையிலிருந்து வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வந்து, ஒன்றும் நடக்காதது போல, "அடுத்தது எது?" என்றீர்கள்.

புத்தகப் படத்தைப் பார்த்து எலும்புகளை அட்டையில் ஒட்டினோம். மேலே ஒரு எலும்பு. சரி. கீழே இரண்டு எலும்பு, ஒன்று தடிமன், ஒன்று ஊசி மாதிரி. அதுவும் சரி. விரல்களைத்தான் காணவில்லை. டப்பாவைக் கவிழ்த்துத் தேடினோம். காக்கைகளைச் சந்தேகித்தோம். கடைசியில் நீங்கள் மறுபடி புத்தகத்தைப் படித்து, பறவைகளுக்கு விரல்கள் குறைந்துபோயின என்ற வரியைக் கண்டுபிடித்தீர்கள். ஆபீஸ் நோட்டு எழுதும் அந்த அழகான ஆங்கிலக் கையெழுத்தில் எழுதினீர்கள்: "விரல்கள்: பரிணாமத்தின் போக்கில் முற்றிலும் மறைந்தன."

கண்காட்சிக்கு அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தீர்கள். அட்டையின் தலைப்பு, "கோழி இறக்கை". வங்காளத்தில் பிறந்த எந்த ஐந்து வயதுக் குழந்தைக்கும் கோழியின் காலைத் தெரியும். எங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்களும் இருந்தார்கள்.

சுமிதாதான் முதலில் சிரித்தாள். "இது காலுடி. நீ ஒட்டியிருக்கிறது லெக் பீஸ்." பிறகு அறை முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "யார் செய்தது இது?"

"அப்பாதான் மிஸ். எல்லாம் அவர்தான். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். "ஆமாம் மேடம், தவறு என்னுடையது" என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். "அப்படியானால் இறக்கை எப்படி இருக்கும்?" என்று கேட்டீர்கள். சுமிதாவின் அம்மா தன் கையை மடக்கி நீட்டிக் காட்டினார். நீங்கள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டீர்கள். நான் தரை பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னீர்கள். "வர்ற ஞாயித்துக்கிழமை சரியா இறக்கையே பார்த்து வாங்கிடலாம்மா."

"வேண்டாம்ப்பா. இனிமே என் படிப்பு விஷயத்துல நீங்க வராதீங்க."

அந்த வாக்கியம்தான்.

நீங்கள் உத்தரவுகளை மதிப்பவர். வரவில்லை. பத்தாவதுக்குப் பிறகு என்ன குரூப் என்று கேட்கவில்லை. கல்லூரியில் நான் விலங்கியல் எடுத்தபோதும் ஏன் என்று கேட்கவில்லை. ஃபீஸ் கட்டிய ரசீதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

முதல் வருடம் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கையையும் ஒரு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார். மேலே ஒரு எலும்பு, கீழே இரண்டு, பிறகு சின்னச் சின்ன எலும்புகள், பிறகு விரல்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்றார். என்னைத் தவிர யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. நம் அட்டை அவ்வளவு ஒன்றும் தப்பில்லை அப்பா. அன்று மாலையே சொல்லத்தான் ஓடி வந்தேன். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். "டீ குடிக்கிறியாம்மா?" என்று கேட்டீர்கள். குடித்தேன். ஏன் சொல்லாமல் இருந்தேன்?

போன ஞாயிறு உங்கள் அலமாரியை ஒழித்தோம். அடித்தட்டில் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஓர் அட்டைப் பெட்டி இருந்தது, துர்கா பூஜைக்கு எடுத்த சட்டை வந்த பெட்டி. நான் பிரிக்கப் போனேன்.

"நீயே பிரி. நான் தொட மாட்டேன்" என்றாள் அம்மா. "எலும்பு அது."

"உனக்குத் தெரியுமா?"

"தொடர்ந்து ரெண்டு ஞாயித்துக்கிழமை வயித்து வலின்னார். ரெண்டு தரமும் மாடி முழுக்கக் காக்கா. எனக்குத் தெரியாதா? என்ன எலும்புன்னு மட்டும் கேக்கலை." கொஞ்சம் நிறுத்தி, "வீடு மாறினப்போ லாரியில போட விடலை, மடியிலயே வச்சுக்கிட்டு வந்தார். அவர் தொட்டது, எப்படித் தூக்கிப் போடறது?" என்றாள்.

இரண்டு ஞாயிறு. இரண்டாவது ஞாயிறு என்னையும் அம்மாவோடு பஜனைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் தனியாகப் போயிருக்கிறீர்கள். இந்தத் தடவை கடையைப் பார்த்து நின்றிருக்க வேண்டும்.

பஞ்சுக்கு மேல் ஒரு முழு இறக்கை. ஒரு எலும்பு, இரண்டு எலும்பு, மணிக்கட்டு, விரல்கள், கடைசியில் அரிசி அளவுக்கு ஒரு துணுக்கு. அதைக்கூட நூலால் கட்டியிருந்தீர்கள். கீழே அதே கையெழுத்து: "விரல்கள்: மூன்று. மறைந்ததாக முன்னர் தெரிவித்தது இதனால் ரத்து செய்யப்படுகிறது."

கையெழுத்தும் போட்டிருந்தீர்கள். யாரிடம் சமர்ப்பிக்க?

வரும் ஞாயிறு நான் சந்தைக்குப் போகிறேன். இன்னும் சைவம்தான், ஆனாலும் கடையைப் பார்த்தே நின்று ஒரு கால் கேட்பேன். பெஹாலா மாடியில் வேகவைப்பேன். ஸ்டவ்வைத் தர அம்மா சம்மதித்துவிட்டாள், திருப்பித் தர வேண்டாம் என்ற நிபந்தனையோடு. அந்தக் காலை உங்கள் இறக்கைக்குப் பக்கத்தில் ஒட்டி, கீழே எழுதுவேன்: "செய்தவர்கள்: அப்பாவும் மகளும். இனிமேல் வர வேண்டாம் என்று மகள் முன்னர் தெரிவித்தது இதனால் ரத்து செய்யப்படுகிறது."

இப்படிக்கு,
எல்லாம் தெரிந்திருந்தும் ஒன்றும் தெரியாது என்று சொன்ன
உங்கள் மகள்