மூன்று பிறை

கொடைக்கானல்
18-3-1964

அன்புள்ள மச்சானுக்கு, அமீருன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் பிள்ளையும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால், கடைசிவரை படியுங்கள்.

பெருநாள் பிறை பார்க்க எல்லோரும் மேட்டில் நின்றபோது, நம் பிள்ளை அப்துல் குத்தூஸ் முந்திக்கொண்டு மூன்று பிறை தெரிகிறது என்று கத்திவிட்டான். ஜமாஅத்தே சிரித்தது. மளிகைக்கடை இப்ராம்சா மட்டும் சிரிக்காமல், ஏலே, என்னத்தப் புகைச்சுட்டு வந்தே என்றாராம். எனக்கும் அதே சந்தேகம்தான். எந்நேரமும் கண் சிவந்திருக்கிறது. கசக்கிக்கொண்டே இருக்கிறான். கடைத்தெருவில் பெற்ற தாயையே தெரியாதவன் போலப் போகிறான். ஆறு மாதத்துக்கொரு மூக்குக்கண்ணாடி வேறு. சட்டையை மோந்து பார்த்தேன், பெட்டியைக் குடைந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

கடைசியில் அரிக்கேன் விளக்கை எதிரே வைத்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுடா என்றேன். ஒற்றைக் கண்ணிலும் மூன்று என்றான். மறுநாள் தொழுகைக்கு முகம் கழுவி ஒளு செய்யக் குனிந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கீழிமை நடுவில் முனையாகத் துருத்தி நின்றது.

மதுரைக்கு இறங்கினோம். கண் டாக்டர் வட்ட வட்டமாகக் கோடு போட்ட ஒரு தட்டைப் பிடித்து, அது அவன் கண்ணில் கோணலாக விழுகிறது என்றார். கருவிழியின் மேல்சவ்வு மெலிந்து கூம்பிக்கொண்டே வருகிறதாம். கசக்கவே கூடாதாம். மூக்குக்கண்ணாடி இனி உதவாது, விழிமேலேயே உட்காரும் வில்லையை மெட்ராசில் அளவெடுத்துச் செய்ய வேண்டும் என்றார். அதுவும் ஆகாவிட்டால், இறந்தவர் கண்ணின் சவ்வை எடுத்து வைத்துத் தைப்பார்களாம். என் குணம் உங்களுக்குத் தெரியும். இன்னொரு டாக்டரிடமும் காட்டினேன். அவரும் அதையே சொன்னார்.

கிளம்பும்போது அவர், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு வருடமாக உங்கள் கடிதம் வேறு கையெழுத்தில் வருகிறது. கடைக் கணக்கப்பிள்ளை எழுதுகிறார் என்றீர்கள். எழுத்து உருண்டு உருண்டு அழகாக இருந்ததால், கொழும்பில் எவளோ இருக்கிறாள் என்று அவளுக்குத் தினமும் சாபம் விட்டேன். நீங்களும் ஓயாமல் கண்ணைக் கசக்குகிற ஆள் என்பதை மறந்தேபோனேன். மச்சான், அங்கே ஒருத்தி இருந்தால்கூடத் தேவலை, வந்து சண்டை போட்டுக்கொள்வேன்.

இதை உங்களுக்குப் படித்துக் காட்டுகிறவர் யாரானாலும் அவருக்கும் என் சலாம். ஐயா, ஒரு விளக்கை ஏற்றி, அவர் கண்களில் ஒன்றைப் பொத்திவிடுங்கள். எத்தனை தெரிகிறது என்று அவரே எழுதட்டும். கோணலாக வந்தாலும் பரவாயில்லை, அவர் கையெழுத்தாக இருக்க வேண்டும்.

உங்கள் கண்ணை அல்லாஹ் காப்பானாக.

உங்கள்
அமீருன்னிசா